துகள் படியாத நீர்வண்ணம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அல்ட்ராமரைன் நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து, சொரசொரப்பான காகிதத்தில் பூசி, கை வைக்காமல் காய விடுங்கள். காய்ந்த பின் அந்த நீலம் ஒரே சீராக இருக்காது. காகிதத்தின் சிறு பள்ளங்களில் நிறமித் துகள்கள் இறங்கி அடர்ந்தும், மேடுகள் வெளுத்தும் நிற்கும். ஓவியர்கள் கிரானுலேஷன் என்று சொல்வது இதைத்தான். செஞ்சிக் கோட்டைப் பாறைகளையோ, காரை பெயர்ந்த சுவரையோ, மழைக்கால மேகத்தையோ வரைகிறவர்களுக்கு இது பெரிய கொடை. தூரிகையால் எத்தனை புள்ளி வைத்தாலும் கிடைக்காத மேற்பரப்பு தானாகவே வந்து அமர்கிறது.

வராதபோதுதான் குழப்பம். பெரும்பாலானோர் முதலில் தங்கள் கையைச் சந்தேகிக்கிறார்கள். அடுத்து விலை உயர்ந்த ‘சூப்பர் கிரானுலேட்டிங்’ தொகுப்பு ஒன்றை வாங்குகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு: முதலில் நிறமி, பிறகு காகிதம், பிறகு தண்ணீர், கடைசியாகத்தான் கை. கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். நிறமி எண் பற்றிய முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை அதை நம்பித்தான் இருக்கின்றன.

## துகளே படியவில்லை. வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) வழுவழுவென்று காய்கிறது

ட்யூபைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். முன்பக்கத்தில் இருக்கும் பெயர் விற்பனைக்கானது. பின்பக்கத்தில் இருக்கும் நிறமி எண்தான் உள்ளே இருக்கும் பொருள். பிபி என்றால் நீல நிறமி, பிஜி பச்சை, பிவி ஊதா, பிஆர் சிவப்பு, பிபிஆர் பழுப்பு, பிபிகே கறுப்பு. அதை அடுத்து ஓர் எண் இருக்கும்.

துகள் படியும் நிறமிகளில் நீங்கள் முதலில் அறிய வேண்டியவை இவை: அல்ட்ராமரைன் நீலம் பிபி 29, கோபால்ட் நீலம் பிபி 28, செருலியன் நீலம் பிபி 35 அல்லது பிபி 36, விரிடியன் பச்சை பிஜி 18, அல்ட்ராமரைன் ஊதா பிவி 15, மாங்கனீஸ் ஊதா பிவி 16, பாட்டர்ஸ் பிங்க் பிஆர் 233, மார்ஸ் கறுப்பு பிபிகே 11. ரா அம்பர், ரா சியன்னா போன்ற மண் வண்ணங்கள் பெரும்பாலும் பிபிஆர் 7.

வெறும் தண்ணீரில் எவ்வளவு முயன்றாலும் படியாதவையும் உண்டு. தாலோ நீலம் பிபி 15, தாலோ பச்சை பிஜி 7, குவினாக்ரிடோன் ரோஸ் பிவி 19 ஆகிய மூன்றும் மிக நுண்ணிய கரிம நிறமிகள். அவை காகித இழைக்குள் புகுந்து கறையாகப் பிடித்துக்கொள்ளும். பள்ளம் தேடி இறங்காது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘செருலியன் ப்ளூ ஹியூ’ என்று விற்கும் ட்யூபில் பல சமயம் தாலோ நீலமும் வெள்ளையும் கலந்திருக்கும். ‘விரிடியன் ஹியூ’ என்றால் பொதுவாக பிஜி 7. பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ இருந்தால், அசல் நிறமிக்குப் பதிலாக அதே சாயல் தரும் வேறொன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். மாணவர் தர வண்ணங்களில் இது மிகச் சாதாரணம். அவற்றை மட்டம் என்று தள்ள வேண்டியதில்லை. நிறம் பார்க்க நன்றாகவே இருக்கும். துகள் மட்டும் வராது. பழைய பாடநூல்களில் மாங்கனீஸ் நீலத்தைப் புகழ்ந்திருப்பார்கள். அந்த அசல் நிறமி, பிபி 33, ஓவிய வண்ணமாக இப்போது தயாரிக்கப்படுவதில்லை. அந்தப் பெயரில் இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் தாலோதான்.

ஒரே பெயர், வெவ்வேறு நிறமி என்ற தொல்லை பர்ன்ட் சியன்னாவில் அதிகம். ஒரு நிறுவனம் பிபிஆர் 7 வைத்திருக்கும். இன்னொன்று செயற்கை இரும்பு ஆக்சைடான பிஆர் 101 வைத்திருக்கும். எண் ஒன்றாகவே இருந்தாலும், துகளை எவ்வளவு பொடியாக அரைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் படிவு மாறும். ஆகவே எண் பொருந்திய பிறகும் ஒரு துண்டுக் காகிதத்தில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நிறமி சரியாக இருந்தும் படியவில்லை என்றால் அடுத்த சந்தேகம் காகிதம். ஹாட் பிரஸ் காகிதமும் பள்ளிக்கூட டிராயிங் நோட்டும் வழவழப்பானவை. துகள் இறங்கப் பள்ளமே இல்லை. மேடு பள்ளம் உள்ள கோல்ட் பிரஸ் அல்லது ரஃப் காகிதம், 300 ஜிஎஸ்எம் எடையில், எடுத்துக்கொள்ளுங்கள். நூறு சதவீதப் பருத்திக் காகிதம் இருந்தால் நல்லது. ஆனாலும் துகள் படிவதற்கு மட்டும் என்றால், மேடு பள்ளமும் நல்ல பசையூட்டலும் (தண்ணீரை உடனே குடிக்காதபடி சேர்க்கும் பசை) உள்ள மரக்கூழ்க் காகிதமே போதும். பயிற்சிக்குப் பருத்திக் காகிதத்தை வீணாக்காதீர்கள்.

மூன்றாவது, வண்ணத்தின் அடர்த்தி. கெட்டியாகப் பூசினால் துகள்களுக்கு நகர இடம் கிடைக்காது. மேடு பள்ளம் இரண்டையும் சேர்த்து மூடிவிடும். தட்டைச் சாய்த்தால் தங்குதடையின்றி ஓடும் அளவுக்குக் கரையுங்கள். பூசும்போது காகிதத்தின் மேல் தண்ணீர் பளபளவென்று நிற்க வேண்டும்.

## ஈரத்தில் அழகாகத் தெரிந்தது, காய்ந்ததும் காணவில்லை

காயும் வேகம்தான் காரணம். துகள்கள் தண்ணீரில் மிதந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பள்ளத்தில் இறங்கி அமர நேரம் வேண்டும். கலங்கிய ஏரித் தண்ணீர் தெளிவது போல, அவசரப்படுத்தினால் நடக்காது. ஹேர் டிரையரைக் காட்டினால் காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், துகள்களும் போகும். மேற்பரப்பின் பளபளப்பு முழுவதும் அடங்கும் வரை டிரையரைத் தொடாதீர்கள். பளபளப்பு போய், காகிதம் தொட்டால் மட்டும் குளிர்ச்சியாக இருக்கும் நிலையில் டிரையர் காட்டினால் பாதகமில்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் வெளியில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு டிரையரே தேவையில்லை. வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். அட்டையை நிழலுக்கு மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால், பருத்திக் காகிதத்தின் இரு பக்கத்தையும் நன்றாக நனைத்து, ஓர் அக்ரிலிக் பலகையிலோ வழவழப்பான டைல்ஸ் துண்டிலோ ஒட்ட வைத்து வரையுங்கள். அடியில் இருக்கும் ஈரம் மேற்பரப்பை வெகுநேரம் காயாமல் வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம். காற்றின் ஈரமே துகளுக்குத் தேவையான நேரத்தைக் கொடுத்துவிடும். அடைமழை நாட்களில் பூசிய அல்ட்ராமரைன் வாஷ் தரும் செழுமை தனி.

## எல்லாம் ஒரு மூலையில் போய்த் திரண்டிருக்கிறது

அட்டை சாய்ந்திருக்கிறது. கனமான துகள் தண்ணீரோடு கீழே இறங்கி, கடைசி விளிம்பில் கறுப்பாகத் தேங்கும். பூசியவுடன் அட்டையை இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் மெதுவாக ஆட்டுங்கள். பிறகு சமதளத்தில் வைத்துவிடுங்கள். கீழ் விளிம்பில் தண்ணீர் மணியாக நின்றால், பிழிந்த தூரிகையின் நுனியால் அதை மட்டும் உறிஞ்சி எடுங்கள்.

சாய்வை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம். பாறையின் அடிவாரத்தில் நிழல் அடர வேண்டும் என்றால், அந்தப் பக்கம் சாய்த்துக் காய விடுவதே போதும்.

## துகளும் இல்லை, வழவழப்பும் இல்லை, திட்டுத்திட்டாக இருக்கிறது

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிரானுலேஷன் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது வேறொன்றாக இருக்கலாம்.

திட்டின் விளிம்பு பல் பல்லாக, இலைக் கோஸ் ஓரம் போலச் சுருண்டிருந்தால் அது பின்னீர் பாய்ந்த தடம். பாதி காய்ந்த வாஷில் புதிதாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தூரிகையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். அல்லது முழுவதும் காயும் வரை தொடாதீர்கள்.

காகிதம் முழுவதும் கரும்புள்ளிகளாக, மையொற்றும் தாளில் மை ஊறியது மாதிரித் தெரிந்தால், பசையூட்டல் செத்துப்போயிருக்கிறது. தாள் தண்ணீரை உடனே குடித்துவிடாமல் இருப்பதற்காகத் தயாரிப்பின்போது ஜெலட்டின் போன்ற பசையைச் சேர்ப்பார்கள். கடலோர ஊர்களில், ஈரச் சுவரை ஒட்டிய அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கும் தாளில் அந்தப் பசை இடத்துக்கு இடம் கெட்டுப்போகும். கெட்ட இடத்தில் வண்ணம் ஆழமாக ஊறிக் கரும்புள்ளி விழும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே தாளின் ஓரத்தில் தாலோ நீலத்தை மெல்லிய வாஷாகப் பூசுங்கள். தாலோவில் துகள் படியாது என்று மேலே பார்த்தோம். அதிலும் புள்ளி விழுந்தால் குற்றம் தாளுடையது. தாலோ சீராகவும் அல்ட்ராமரைன் மணிமணியாகவும் இருந்தால் அது உண்மையான கிரானுலேஷன். கெட்ட தாளை மீட்க நினைத்து நேரம் வீணாக்க வேண்டாம். பென்சிலுக்கும் பேனாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத் தாள்களை இறுக்கமான பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

## வீட்டில் படிகிறது, வெளியூரில் படியவில்லை (அல்லது நேர்மாறாக)

தண்ணீரைச் சோதியுங்கள். அல்ட்ராமரைன் துகள் தனித்தனியே பார்த்தால் கனமானது அல்ல. பல துகள்கள் கூட்டாகச் சேர்ந்து திரள்வதால்தான் அது மணிமணியாகப் படிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் இந்தத் திரட்சியைத் தூண்டும். கோபால்ட், செருலியன் போன்றவை வேறு ரகம்: அவற்றின் துகளே கனம், ஆகவே அவை தம் எடையாலேயே இறங்கும். தண்ணீர் மாறினால் அல்ட்ராமரைனில்தான் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும்.

இதை நம் ஊரில் சோதிப்பது சுலபம். ஒரு கிண்ணத்தில் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஒரே ட்யூபிலிருந்து அதே அளவு பிபி 29 எடுத்து இரண்டிலும் கரையுங்கள். ஒரே தாளில் அருகருகே இரண்டு கட்டம் பூசி, சமதளத்தில் காய விடுங்கள். போர்வெல் கட்டத்தில் துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, நடுவில் வெள்ளை இடைவெளி விட்டு நிற்கும். மற்றக் கட்டம் மெல்லிய மணல் தூவியது போல அடங்கியிருக்கும். உப்புத் தண்ணீர் என்று நாம் சலித்துக்கொள்ளும் அதே தண்ணீர் இங்கே கைகொடுக்கிறது. பயணம் போகும்போது பழகிய தண்ணீரை ஒரு சிறு பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

## வேண்டாத இடத்தில் படிகிறது

முகத்தில் நிழல் பூசினால் அம்மைத் தழும்பு போலத் தெரிகிறது, தெளிந்த வானம் அழுக்காகத் தெரிகிறது என்பார்கள். தோலுக்கும் மேகமில்லாத வானத்துக்கும் துகள் படியாத நிறமியைப் பயன்படுத்துங்கள். பிபி 15-ஐ மெல்லியதாகக் கரைத்தால் காலை வானம் வந்துவிடும். அல்ட்ராமரைன்தான் வேண்டும் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள். ஹாட் பிரஸ் தாளில் பூசுங்கள். குறைந்த தண்ணீரில் வேகமாகக் காய விடுங்கள். முந்தைய பகுதிகளில் சொன்னதெல்லாம் இங்கே தலைகீழாகப் பொருந்தும்.

## கலவை பிரிந்து இரண்டு நிறமாக நிற்கிறது

அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்த்துச் சாம்பல் நிறம் கலக்கிறீர்கள். தட்டில் அருமையான சாம்பல்; தாளில் காய்ந்தபோது நீலம் ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம். இதைப் பிழை என்று நினைத்து அழிக்க முயலாதீர்கள். உற்றுப் பாருங்கள்: பள்ளத்தில் நீலம், அதைச் சுற்றிப் பழுப்பின் மெல்லிய வளையம், எட்டி நின்று பார்த்தால் உயிருள்ள சாம்பல். நார்த்தாமலைப் பாறையையும் மாமல்லபுரத்துக் கல்லையும் வரைய இதைவிடப் பொருத்தமான கலவையை நான் அறியேன். கடையில் விற்கும் ‘பேய்ன்ஸ் கிரே’ இதற்கு ஈடாகாது.

எந்த ஜோடி பிரியும் என்று முன்கூட்டியே சொல்லலாம். துகள் படியும் ஒன்றும், கறையாகப் பிடிக்கும் ஒன்றும் சேர்ந்தால் பிரிவு துல்லியமாக இருக்கும். செருலியனும் குவினாக்ரிடோன் ரோஸும் சேர்ந்த ஊதாவில், ரோஸ் தாளில் ஊறி விளிம்பு வரை பரவும், நீலம் மேலே மணியாக அமரும். சீரான ஊதாதான் வேண்டும் என்றால் தாலோவையும் ரோஸையும் சேருங்கள். ஷ்மின்கே போன்ற நிறுவனங்கள் விற்கும் சூப்பர் கிரானுலேட்டிங் வண்ணங்களும் இந்தப் பிரிவையே நம்பியிருக்கின்றன: ஒன்றுக்கு மேற்பட்ட நிறமிகளை ஒரே ட்யூபில் அடைத்துத் தருகிறார்கள். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை வேறு வண்ணத்தோடு கலந்தால் மூன்று, நான்கு நிறமிகள் ஒன்றாகச் சேர்ந்து சேறாகிவிடும். தனியாகப் பூசத்தான் அவை. இரண்டு ஒற்றை நிறமி ட்யூப்கள் வைத்திருப்பவர் அதே விளைவைத் தானே கலந்துகொள்ளலாம். விகிதமும் அவர் கையில் இருக்கும்.

## இரண்டாவது அடுக்கு பூசினால் முதல் அடுக்கு கரைந்து வருகிறது

துகள் படியும் நிறமி தாளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே பிடிப்பு இல்லை. ஈரத் தூரிகை பட்டால் பள்ளத்திலிருந்து எழுந்து வந்துவிடும். எனவே அடுக்கும் வரிசையை மாற்றுங்கள். கறையாகப் பிடிக்கும் வண்ணங்களை அடியில் போட்டு, அவை முழுவதும் காய்ந்த பின், துகள் படியும் வண்ணத்தைக் கடைசியாகப் பூசுங்கள். மேலே பூசியே தீர வேண்டும் என்றால், அணில் முடித் தூரிகை மாதிரி மென்மையானது ஒன்றை நிறைய வண்ணத்தில் தோய்த்து, ஒரே இழுப்பில் முடியுங்கள். போன இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. முதல் அடுக்கைப் பூசும்போதும் இதே கட்டுப்பாடு வேண்டும்: அமரத் தொடங்கிய துகளைத் தூரிகை மயிர் வாரிக்கொண்டு போய்விடும்.

## காய்ந்த பின் விரலால் தடவினால் பொடி ஒட்டுகிறது

வண்ணத்தில் துகளை ஒட்ட வைப்பது அரபிக் கோந்து. அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்த்தால் கோந்தும் நீர்த்துப்போகும். கனமான துகள் வெறும் பொடியாக நிற்கும். கடையில் ‘கம் அராபிக்’ என்ற பெயரில் திரவமாகக் கிடைக்கும் அதே கோந்தை ஓரிரு சொட்டு, கலக்கும் தண்ணீரில் சேருங்கள். மிகுந்தால் தாள் மினுமினுக்கும், துகளின் ஓட்டமும் குறையும்.

வின்சர் அண்ட் நியூட்டன் விற்கும் கிரானுலேஷன் மீடியம் இதற்கு மருந்தல்ல. அது வழுவழுப்பாகக் காயும் வண்ணத்திலும் துகள் தோற்றம் வரச் செய்வதற்கானது. தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றிக் கரைத்தால் விளைவு உச்சத்தில் இருக்கும். தாலோ மட்டுமே கையில் உள்ளவருக்கு உதவும். சரியான நிறமி வைத்திருப்பவருக்கு அதில் செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஈர வாஷில் உப்புத் தூவுவது முற்றிலும் வேறு வித்தை. அது நட்சத்திர வடிவம் தரும், துகள் படிவைத் தராது.

## ட்யூபிலிருந்து எண்ணெய் போல ஏதோ வழிகிறது, பேன் (சிறு கிண்ணத்தில் வரும் காய்ந்த வண்ணக் கட்டி) கல்லாகிவிட்டது

வழிவது எண்ணெய் அல்ல, பிரிந்த கோந்து. கனமான நிறமிகளில் இது சகஜம். மூடியைத் திறந்து, பல்குத்தும் குச்சியை விட்டுக் கிளறி மீண்டும் சேருங்கள். வழிந்ததைத் துடைத்து எறிந்தால், பிறகு வரும் வண்ணம் பொடியாகத்தான் ஒட்டும். விரிடியன் பேனில் காய்ந்தால் கரைய மறுக்கும் பழக்கம் உள்ளது. வரைவதற்குச் சற்று முன்பே அதன் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள்; கரடுமுரடான தூரிகையால் தேய்த்துத் தூரிகையைக் கெடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் பேன் பெட்டியில் பூஞ்சை பிடித்தால், மேல் அடுக்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறந்தபடி காய வையுங்கள். வினிகர் தடவச் சொல்கிறவர்கள் உண்டு. அல்ட்ராமரைனுக்கு அது கூடவே கூடாது. அமிலம் பட்டால் அந்த நீலம் வெளுத்துவிடும். அந்தக் காலத்தில் வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் இதே அல்ட்ராமரைன்தான்.

## எதை வாங்குவது என்றே தெரியவில்லை

பிபி 29 உள்ள ஃபிரெஞ்ச் அல்ட்ராமரைன் ஒன்று, பிபிஆர் 7 உள்ள பர்ன்ட் சியன்னா ஒன்று, 5 மில்லி ட்யூபில். இரண்டும் விலை குறைந்த நிறமிகள் என்பதால் தரமான நிறுவனத்திலேயே வாங்கலாம். ‘ஃபிரெஞ்ச்’ என்று போட்ட அல்ட்ராமரைனில் பொதுவாகத் துகள் சற்றுப் பெரியது, படிவும் கூடுதல். செயற்கை அல்ட்ராமரைன் பிரான்சில் பிறந்தது: லாபிஸ் லாசுலிக் கல்லுக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 1824-இல் அங்கே 6,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தார்கள், 1828-இல் அதை ழான் பாப்டிஸ்ட் கிமே பெற்றார். இந்த இரண்டு ட்யூபையும் தண்ணீர், தாள், சாய்வு எல்லாம் மாற்றி மாற்றிப் பூசி அறிந்த பிறகு, மூன்றாவதாகச் செருலியன் பிபி 35 வாங்குங்கள். கோபால்ட் சேர்ந்தவை எல்லாமே விலை அதிகம், அவசரம் வேண்டாம். பிபிகே 11 கொண்ட டேனியல் ஸ்மித் லூனார் பிளாக் பார்க்க மிகக் கவர்ச்சியானது. அது காந்த இரும்பு ஆக்சைடு. ஈர வாஷின் அடியில் காந்தத்தை நகர்த்தினால் துகள் பின்னால் ஓடிவரும். குழந்தைகளுக்குக் காட்டலாம். ஆனால் எதில் கலந்தாலும் அதையே கறுப்பாக்கிவிடும் என்பதால் முதல் வாங்கலில் அதற்கு இடமில்லை.

கோபால்ட், மாங்கனீஸ் நிறமிகள் கையாளும்போது தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள்; ஸ்ப்ரேயாக அடிக்காதீர்கள்; காய்ந்த படத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கழுவிய தண்ணீரை ஒரு டப்பாவில் ஓர் இரவு நிற்க விட்டால் கனமான துகள் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை ஊற்றிவிட்டு, அடி வண்டலைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள்; சமையலறைத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.